வண்ணம் திருத்தும் நூல்களைத் தேர்ந்த கதை

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவார் பலர் வந்துள்ளனர். இசை வழங்குவாரும் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு நடுவே, புத்தகம் வாங்கிய கணக்கைப் படிக்க ஒருவன் எழுந்து நிற்கிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நம் செயற்குழு, கணிப்பொறியில் நிழற்படங்களைச் செப்பனிடவும் அவற்றின் வண்ணத்தைத் திருத்தவும் கற்பிக்கும் நூல்களைச் சங்க நூலகத்துக்கு வாங்குமாறு என்னைப் பணித்தது. ஒதுக்கிய தொகை 12,000 ரூபாய். எவற்றை வாங்கினேன், எவற்றைத் தள்ளினேன், எதனால் தள்ளினேன் என்று சொல்லும் கடமை எனக்கு உண்டு. அதனைச் சொல்வதற்கு முன், இப்பணி எனக்கு ஏன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சென்ற ஆண்டு மலரில் நினைவஞ்சலிப் பக்கம் ஒன்று இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோட்டைக்கொச்சி வெளியில், டோபிகானாவில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சலவைத் தொழில் செய்து மறைந்த தாயார் ஒருவரின் படம் அப்பக்கத்தில் இடம் பெற்றது. படத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான். மலர் வெளியான மறுநாள் அம்மையாரின் மகள் மலரைக் கையில் ஏந்தி என் வீட்டுக்கு வந்தார். சினத்தோடு வரவில்லை, சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “அண்ணா, இது எங்கள் அம்மா இல்லையே. நோயில் படுத்திருந்தபோதுகூட அம்மாவின் முகம் இப்படி வெளிறியதில்லை” என்றார். சற்று நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “சேலையில் இருந்த நீலத்தையும் எடுத்துவிட்டீர்கள்” என்றும் சொன்னார்.

முதற்குறை எனக்கு உடனே விளங்கியது. இரண்டாவது விளங்க மூன்று நாளாயிற்று.

நடந்தது இதுதான். மூலப்படம் வீட்டுக்குள், மஞ்சள் விளக்கொளியில் எடுத்தது. நான் அப்போது நம்பியிருந்த ஒரு நூல், படத்தில் வெண்பொருள் எதுவோ அதனை முதலில் நடுநிலை வெண்மையாக்குக என்று கூறியது. கணிப்பொறியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் சமமாக இருந்தால் அப்புள்ளிக்குச் சாயல் இல்லை. அது வெள்ளையாகவோ சாம்பலாகவோ கருப்பாகவோ இருக்கும். எனவே அம்மையாரின் வெள்ளைச் சேலையைத் தொட்டு மூன்று எண்களையும் சமமாக்கினேன். அடுத்த இயலில் அந்நூல், முகத்தின் தோல் இன்ன அளவு ஒளியோடு இருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை தந்திருந்தது. அம்மையாரின் முகம் அந்த அளவுக்குப் பல படி கீழே இருந்தது. நூல் சொன்னபடி உயர்த்தினேன். மூலப்படத்தில் நெற்றியின் எண்கள் சிவப்பு 118, பச்சை 78, நீலம் 58 என்று இருந்தன. மலருக்குச் சென்ற படத்தில் அவை 214, 170, 152. உழைத்துக் கறுத்த ஒரு தாயின் முகத்தை, அவரைக் கண்டறியாத எவரோ வகுத்த அளவுக்கு நான் வெளுத்துவிட்டேன். வெளுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். ஆனால் தம் முகத்தை வெளுக்கும்படி அவர் யாரையும் கேட்டதில்லை.

அந்நூலின் பெயரை இங்குச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்த அட்டவணை அதை எழுதியவர் தம் ஊரில் கண்ட முகங்களுக்குப் பொருந்தியிருக்கும். ஆராயாமல் எடுத்து ஆண்டவன் நான்.

இனி நீலத்துக்கு வருகிறேன். வெளியில் வாழும் நம் மக்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர்களுடைய கொடிகளில் காயும் வேட்டிகளையும் சேலைகளையும் நாள்தோறும் பார்க்கிறோம். வெள்ளைத் துணி நாளாக நாளாக மஞ்சளிக்கும். எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் அம்மஞ்சள் முழுவதும் போகாது. அதனால் கடைசி அலசலில் சிறிது நீலம் கரைத்து முக்கி எடுப்பார்கள். நீலம் அம்மஞ்சளை ஈடுசெய்கிறது. கண்ணுக்குத் துணி வெண்மையாகத் தெரிகிறது. சற்றுக் கூடினால் துணி நீலமடித்துப்போகும். குறைந்தால் பழுப்பு நிற்கும். தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தே அளவு சொல்லும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

நண்பர்களே! வண்ணத் திருத்தம் என்று எத்தனையோ பெருநூல்கள் விரித்துரைப்பதன் பாதி இதுவே. மஞ்சளுக்கு எதிர் நீலம். சிவப்புக்கு எதிர் பசுநீலம். பச்சைக்கு எதிர் கருஞ்சிவப்பு. மிகுந்த வண்ணத்தைக் குறைக்க அதன் எதிர்வண்ணத்தைக் கூட்டு என்பது அடிப்படை விதி. 1976ஆம் ஆண்டு பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த ‘லாப்’ என்னும் வண்ண முறையிலும், ஒளிர்வுக்கு ஓர் அச்சும், பச்சையிலிருந்து சிவப்புநோக்கி ஓர் அச்சும், நீலத்திலிருந்து மஞ்சள்நோக்கி ஓர் அச்சும் அமைந்துள்ளன. மூன்றாவதாகச் சொன்ன அச்சின்மேல்தான் நம் தாய்மார்கள் தொட்டிக்கரையில் நின்று அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் இரண்டாம் பிழை உங்களுக்கு விளங்கும். அம்மையாரின் சேலை நடுநிலை வெள்ளையன்று. அவரே நீலம் முக்கிய வெள்ளை. அதனை நடுநிலை என்று கொண்டு நான் எண்களைச் சமமாக்கியபோது, விளக்கொளியின் மஞ்சளை முழுவதும் நீக்காமல் பாதிவழியில் நிறுத்திவிட்டேன். எஞ்சிய மஞ்சள் அவர் முகத்தில் போய்ப் படிந்தது. வெளுப்போடு மஞ்சளும் சேர்ந்தால் நோயாளியின் நிறம் வராமல் வேறென்ன வரும்? வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நடுநிலையன்று என்னும் எச்சரிக்கை நல்ல நூலில் கட்டாயம் இருக்க வேண்டும். இக்காலச் சலவைத் தூள்களில் சேர்க்கும் ஒளிர்பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை உண்டு நீல ஒளியை உமிழ்வன. அவற்றால் துவைத்த சட்டை, பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நீலம் பூத்து நிற்கும். இங்கே பரதேசி யூத ஆலயத்தில் தரையோடுகளைப் பார்த்திருப்பீர்கள். சீனத்திலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய வெள்ளையோடுகள். அவற்றின் வெண்மையை நடுநிலை என நம்பிப் படம் திருத்துவாரும் என்னைப்போல் ஏமாறலாம்.

இவ்வளவும் பட்டபின்தான் செயற்குழு என்னிடம் நூல் தெரியும் பொறுப்பை ஒப்படைத்தது. தண்டனையாக ஒப்படைத்தார்களா, இரக்கத்தாலா என்று நான் கேட்கவில்லை.

முதலில் எர்ணாகுளத்துப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். அடுக்கடுக்காகப் போட்டோஷாப் நூல்கள் கிடந்தன. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் இருவர் ஆக்கிய இம்மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதன்பின் பதிப்புக்குப் பதிப்பு நூல்கள் பெருகின. 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு பெட்டியில் வாங்கும் வழக்கம் முடிவுக்கு வந்தது. 2013 முதல் மென்பொருள் சந்தா முறைக்கு மாறி, இடையறாது புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஆகையால் இந்தப் பட்டியலைத் திற, இந்தப் பொத்தானை அழுத்து என்று மட்டும் கற்பிக்கும் நூல் சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம் போன்றது. நாள் பார்க்க உதவாது, பரணுக்குத்தான் போகும்.

ஆயினும் பழைய நூல் என்பதற்காக ஒதுக்கிவிடுவதும் தவறு. ஒளிர்வை ஏற்றி இறக்கும் வளைகோடு, சிவப்பு பச்சை நீல அலைவரிசைகளைத் தனித்தனியே பார்க்கும் முறை ஆகியவை தொடக்கப் பதிப்புகளில் இருந்தபடியே இன்றும் இருக்கின்றன. மூலப்படத்தைக் கெடுக்காமல் அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்தாற்போல் திருத்தம் செய்யும் திருத்த அடுக்குகள் 1996இல் வந்தன, அவையும் மாறவில்லை. எனவே நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். கடையில் நின்றபடியே வளைகோட்டைப் பற்றிய பக்கங்களைத் திறப்பேன். ‘இப்புள்ளியை இவ்வளவு மேலே இழு’ என்று மட்டும் இருந்தால் மூடி வைத்துவிடுவேன். ஏன் இழுக்க வேண்டும், இழுத்தால் வேறெங்கே இழப்பு நேரும் என்று சொல்லியிருந்தால் தொடர்ந்து படிப்பேன். பத்து நூலுக்கு எட்டு இச்சோதனையில் தோற்றன.

இச்சோதனையில் எளிதாக வென்றவர் டான் மார்குலிஸ் என்னும் அமெரிக்கர். அவருடைய ‘புரொபெஷனல் போட்டோஷாப்’ 1994இல் முதற்பதிப்பு கண்டது. ‘லாப்’ முறையைப் பற்றிய தனிநூலை 2005இல் எழுதினார். கண்ணை நம்பாதே, எண்ணைப் பார் என்பது அவர் கொள்கை. மாலைவரை கணிப்பொறித் திரையையே நோக்கிய கண், திரையின் மஞ்சளை வெள்ளையென்று ஏற்றுக்கொண்டுவிடும். எண் அவ்வாறு ஏற்காது. படத்தில் இது சாம்பல்நிறமாகத்தான் இருக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்த பொருளைத் தேடி, அதன் எண்கள் அதற்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார். ‘உறுதியாகத் தெரிந்த’ என்னும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முன்பு பயன்படுத்திய நூலும் எண்ணைத்தான் பேசியது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது, எவர்க்குப் பொருந்தும் என்று பேசவில்லை. மார்குலிஸ் நடை எளிதன்று. வாதாடுகிறார், பிறரைச் சாடுகிறார், ஒரே படத்தை ஐந்து வழியில் திருத்திக் காட்டுகிறார். முதல் நூலாக இதனை எவருக்கும் தரமாட்டேன். மூன்றாவதாகக் கட்டாயம் தருவேன்.

திரையைப் பற்றி ஒரு சொல். நம் இளைஞர்களுள் எத்தனை பேர் தம் கணிப்பொறித் திரையை ஒருமுறையேனும் அளவிட்டுச் சரிசெய்திருப்பீர்கள்? கோணல் தராசு வைத்துக்கொண்டு ஏலக்காய் நிறுக்க நம் மட்டாஞ்சேரி வணிகர் எவரும் ஒப்பமாட்டார். திரை நீலமடித்திருந்தால் அதில் திருத்தும் ஒவ்வொரு படமும் மஞ்சளித்துத்தான் வெளியே போகும். கருவிக்குக் கருவி வண்ணம் மாறாதிருக்க 1993இல் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு அமைந்தது. அது வகுத்த விவரக் கோப்புமுறையே இன்றும் வழக்கில் உள்ளது. இதனைத் தெளிவாக விளக்கும் நூல், புரூஸ் ஃபிரேசர், கிறிஸ் மர்ஃபி, பிரெட் பன்டிங் ஆகிய மூவரும் சேர்ந்தெழுதி 2003இல் வெளிவந்த ‘ரியல் வேர்ல்டு கலர் மேனேஜ்மென்ட்’. ஃபிரேசர் 2006இல் மறைந்தார். அந்நூலிற் குறித்த மென்பொருள்கள் பலவும் இன்று இல்லை. ஆனால் முதற்பகுதியில் ஒளி, கண், பொருள் மூன்றும் கூடியே வண்ணம் பிறக்கிறது என்று விளக்கும் இடங்கள் சற்றும் பழமை தட்டவில்லை. அதனையும் வாங்கினேன்.

இனி என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்த பகுதிக்கு வருகிறேன். தோல் நிறம்.

கோடாக் நிறுவனம் வண்ணப்படச் சுருளைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கெல்லாம் மாதிரி அட்டை ஒன்றை அனுப்பிவந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். முதலில் நின்ற பெண்ணின் பெயரால் அவ்வட்டைக்கு ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயர் நிலைத்தது. அட்டையில் அவள் முகம் சரியாக வந்தால் அச்சு சரி, அதுவே அளவுகோல். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் லோர்னா ராத் இவ்வரலாற்றை 2009இல் விரிவாக எழுதினார். கறுத்த பொருள்களின் நுண்ணிய வேறுபாடுகள் படத்தில் வருவதில்லை என்று மரச்சாமான் செய்வோரும் சாக்கலேட் செய்வோரும் முறையிட்ட பிறகே அந்நிலை மாறத் தொடங்கியது என்று நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் அவரிடம் கூறினார்களாம். மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்த நீதி மனித முகத்துக்கு அவற்றின் பின்னேதான் கிடைத்தது! பல இனத்துப் பெண்களும் சேர்ந்து நிற்கும் அட்டைகள் 1990களில்தான் பரவலாயின.

அந்த அட்டையின் நிழல் நூல்களில் இன்னும் விழுந்துகிடக்கிறது. எனவே என் இரண்டாவது சோதனை மிகவும் எளியது. நூலின் எடுத்துக்காட்டுப் படங்களைப் புரட்டி, அவற்றில் கறுத்த முகங்கள் எத்தனை, அவற்றைப் பற்றி ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்த்தேன். முந்நூறு பக்கத்தில் ஒன்றும் இல்லாத நூல்கள் உண்டு. இருந்தும், ‘இவ்வகை முகத்தை ஒளியூட்டி அழகுபடுத்துக’ என்று ஒற்றை வரியோடு நகர்ந்துவிடும் நூல்களும் உண்டு. இரண்டையும் தள்ளினேன். முகத்தின் சாயல் வேறு, ஒளிர்வு வேறு என்று பிரித்துப் பேசும் நூலே நமக்கு வேண்டும். மனிதத் தோல் எந்த நாட்டிலும் பெரும்பாலும் சிவப்பு எண் மிகுந்து, பச்சை அதற்கு அடுத்து, நீலம் கடைசியாக நிற்கும். இந்த வரிசை கெட்டால் சாயல் கெட்டது என்று அறியலாம். அவ்வரிசை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் எந்த அட்டவணையும் சொல்ல முடியாது. அதனை அந்த மனிதரைக் கண்டவர்தான் சொல்ல முடியும்.

இங்கே படக்கருவியின் குற்றமும் ஒன்று உண்டு. கருவியின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதனை இடைநிலைச் சாம்பலாகக் கருதியே கணக்கிடும். நம் கோயில் விழாவில் வெள்ளை வேட்டியும் வெள்ளை முண்டும் நிறைந்த கூட்டத்தைப் படமெடுத்தால், வெண்மை மிகுதி என்று எண்ணிக் கருவி ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் இருளில் மூழ்கும். பிறகு கணிப்பொறியில் அவ்விருளைத் தூக்கினால் பொரிப்பொரியாகப் புள்ளிகள் எழும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே உண்டு. ‘ரா’ எனப்படும் மூலக் கோப்பில் 12 பிட் ஆயின் 4,096. 14 பிட் ஆயின் 16,384. இருளில் மறைந்த முகத்தை மீட்கும் வளம் அதில்தான் இருக்கிறது. ஆதலால் ‘ரா’ கோப்புக்கு ஓர் இயலாவது ஒதுக்காத நூல் கறுத்த முகங்கள் உள்ள நாட்டுக்கு ஏற்ற நூலாகாது என்பது என் முடிவு.

வெளுப்பு மோகம் நூல்களின் குற்றம் மட்டுமா என்று கேட்பீர்கள். அன்று. நம் திருமணக் கூடங்களில் மணமகளின் படத்தை எடுத்தவரிடம், ‘இன்னும் கொஞ்சம் கலராக்குங்கள்’ என்று சொல்வது யார்? நாம்தாம். நம் பேச்சில் கலர் என்றால் வெளுப்பு என்று எப்போது பொருள் வந்தது! 1975 முதல் இந்நாட்டில் விற்றுவந்த முகப்பூச்சு ஒன்று, 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது; நாம் நம் பேச்சிலிருந்து நீக்கவில்லை. இப்போது கைப்பேசியே எவரும் கேளாமல் முகத்தை வழவழப்பாக்கி வெளுத்துக் கொடுத்துவிடுகிறது.

பழைய படங்களைப் புதுக்குவதற்கு ஒரு நூல் வேண்டியிருந்தது. இவ்வூரின் மழையும் உப்புக்காற்றும் நீங்கள் அறிந்தவை. ஆடி மாதம் பெட்டியைத் திறந்தால் ஆல்பத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். 1970களிலும் 1980களிலும் அச்சிட்ட வண்ணப்படங்கள் பல, இருட்டிலேயே வைத்திருந்தும் செக்கச் செவேலென்று ஆகியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அக்காலத் தாளில் இருந்த மூன்று சாயங்களுள் பசுநீலச் சாயம் விரைந்து அழிந்ததே காரணம். அது போனால் அதன் எதிரான சிவப்புத் தலைதூக்கும். கேட்ரின் ஐஸ்மன் எழுதி 2001இல் வெளிவந்த ‘போட்டோஷாப் ரெஸ்டோரேஷன் அண்ட் ரீடச்சிங்’ இத்துறையில் பெயர்பெற்ற நூல். படத்தைத் தொடுமுன் படி எடுத்துக்கொள், மூலத்தை மாற்றாதே என்று அது வற்புறுத்துவது எனக்கு மிகவும் பிடித்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் திட்ட உதவியோடு தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழம்படங்களை எண்மப் படிகளாக்கிக் காத்துவைத்திருக்கிறது. நம் வீடுகளிலும் அத்தகைய படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. மட்டாஞ்சேரிக்கு முதலில் வந்த பாட்டனார் யார் என்று காட்டுவதற்கு அந்த ஒற்றைப் படந்தான் சான்று என்னும் குடும்பங்கள் இவ்வவையிலேயே உண்டு. கிழிசலை ஒட்டலாம், கறையை நீக்கலாம். பாட்டனார் கழுத்தில் இல்லாத சங்கிலியைப் போடுதல் ஆகாது. 2023 முதல், சொல்லைத் தட்டினால் இல்லாததையும் வரைந்து நிரப்பும் வசதி போட்டோஷாப்பிலேயே வந்துவிட்டபடியால் இதனைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அச்சுக்குச் செல்லும் படத்தைப் பற்றிய இயல் உள்ளதா என்றும் பார்த்தேன். திரை ஒளியால் ஆனது; தாள் மையால் ஆனது. திரையின் பளிச்சென்ற நீலம் தாளில் வாராது. சாதாரணத் தாளில் மை ஊறிப் பரவி முகங்கள் இருளும். நான்கு மைகளையும் கூட்டினால் பளபளப்பான தாளில் ஏறத்தாழ 300 விழுக்காடுவரை தாங்கும். செய்தித்தாள் 240 அளவிலேயே திணறும். மலர் அச்சிடும் சங்கத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? இப்போது வரும் நூல்களுட் பல, படம் கைப்பேசியை விட்டு வெளியே வாராது என்று எண்ணி இப்பகுதியை அறவே விட்டுவிட்டன. இவ்வகையில் பழைய பதிப்புகளே நமக்குத் துணை.

தொடங்குவோர்க்கு ஸ்காட் கெல்பி 2003 முதல் எழுதிவரும் எண்மப் படக்கலை வரிசையில் ஒன்றை எடுத்தேன். அவர் ‘ஏன்’ என்பதை அதிகம் பேசமாட்டார். என் முதற்சோதனைப்படி தள்ளத்தக்கவர். ஆனாலும் நீச்சல் கற்பவனை முதல் நாளே நடுக்காயலில் இறக்க முடியாதன்றோ! ஒரு மாலைப்பொழுதில் ஒரு படத்தைத் திருத்தி முடித்த மகிழ்ச்சியை அவர் நூல் கொடுக்கும். அம்மகிழ்ச்சி இல்லாமல் மார்குலிஸ்வரை எவனும் போய்ச் சேரமாட்டான். கிம்ப், டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருள்களுக்கு அவற்றை ஆக்கியோரே விளக்கநூல் எழுதி இலவசமாக வழங்குகின்றனர். அவற்றுக்குக் காசு கொடுத்து நூல் வாங்கவில்லை. சந்தா கட்ட இயலாத பிள்ளைகள் அம்மென்பொருள்களிலேயே எல்லாப் பயிற்சியும் செய்யலாம்.

நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எழுதிய ‘த கேமரா’, ‘த நெகட்டிவ்’, ‘த பிரின்ட்’ என்னும் மூன்று நூல்களுள் 1983இல் வந்த கடைசி நூலையும் வாங்கியிருக்கிறேன். கணிப்பொறிக்கு முந்திய இருட்டறை நூலை ஏன் வாங்கினாய் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் எத்தனை படிகள் உண்டு என்று காணக் கண்ணைப் பழக்குவதற்காக என்று விடை சொன்னேன். அவர் ஒப்பவில்லை. அச்செலவை நானே ஏற்றுக்கொண்டேன்.

வேடிக்கை ஒன்று. நம் மாணவர் ஒருவர் வண்ணத் திருத்த நூல் ஒன்றை மலிவாகப் பெற்றதாக மகிழ்ந்து கொண்டுவந்து காட்டினார். திறந்து பார்த்தால் முழுவதும் கருப்பு வெள்ளைப் படி! ‘இடப்பக்கப் படத்தில் சிவப்பு மிகுந்துள்ளதைக் காண்க’ என்று எழுதியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சாம்பல். வண்ண நூலை வாங்குமுன் அதன் தாளையும் அச்சையும் பாருங்கள். வேண்டுமென்றே திருத்துமுன், திருத்தியபின் என இரு படங்களை அருகருகே வைத்திருக்கும் பக்கத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்நூலால் பயனில்லை. காணொலியே போதும், நூல் எதற்கு என்னும் இளைஞர்களுக்கும் விடை இதில் பாதி இருக்கிறது. காணொலி கையசைவைக் காட்ட வல்லது. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் இணையத்தில் சுருங்கி வரும் காணொலியில் நுண்ணிய வண்ண வேறுபாடுகள் நசுங்கிப்போகின்றன. அதைப் பார்த்துச் சாயல் கற்பது அரிது.

தமிழ் நூல்கள் உண்டா என்று நீங்கள் கேட்காமல் விடமாட்டீர்கள். போட்டோஷாப் கற்பிக்கும் தமிழ் நூல்கள் உண்டு, இரண்டு வாங்கியிருக்கிறேன். அவை பட்டியல்களையும் பொத்தான்களையும் நன்றாகவே விளக்குகின்றன. வண்ணத்தின் இயல்பை ஆழ்ந்து பேசும் தமிழ் நூல் என் கைக்குக் கிட்டவில்லை. ஹியூ, சாச்சுரேஷன், லுமினாசிட்டி என்னும் மூன்று சொற்களுக்கும் சாயல், செறிவு, ஒளிர்வு என்று எழுதி, ஆங்கில நூல்களின் ஓரங்களில் பென்சிலால் தமிழ்க் குறிப்பு இட்டு வருகிறேன். இங்கே மலையாளப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுகிறார்கள், படிக்கத் திணறுகிறார்கள். படம் திருத்தும் ஆசையாலாவது அவ்வோரக் குறிப்புகளை எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்பது என் சிறு சூழ்ச்சி.

மூன்று மாதத்துக்கு முன், அந்தத் தாயாரின் மூலப்படத்தை மீண்டும் எடுத்தேன். இம்முறை தனியாகத் திருத்தவில்லை. அவர் மகளை அழைத்துத் திரையின்முன் அமர்த்தினேன். முகத்தின் ஒளிர்வை நான் தொடவில்லை. கண்ணைச் சுற்றியிருந்த நிழலை மட்டும் சிறிதே தளர்த்தினேன். பிறகு நீல மஞ்சள் அச்சை மெல்ல நகர்த்தினேன். சேலையைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் நீலம்” என்றார். நகர்த்தினேன். “இன்னும்.” என் நூல்கள் எல்லாம் நடுநிலை என்று சொல்லும் இடத்தைத் தாண்டிச் சென்றது. “போதும் அண்ணா, அம்மா முக்குவது இவ்வளவுதான்” என்றார். சேலையிலிருந்து கண்ணை எடுத்து முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் போயிருந்தது.

அப்படம் இவ்வாண்டு மலரில் மீண்டும் வருகிறது. அச்சகத்தார் அனுப்பிய மாதிரித் தாளை மகளிடம் காட்டி இசைவு பெற்றே அச்சிடக் கொடுத்தோம். வாங்கிய நூல்கள் எட்டும் நூலகத்தின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணி முதல் எடுத்துப் படிக்கலாம். மிச்சம் 1,340 ரூபாயைப் பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டேன்.